குற்றவாளியின் முகமும் ரசிகரின் தீர்ப்பும்

உண்மையாக நடந்த ஒரு கொலையை ஆதாரமாகக் கொண்டு எடுத்த திரைப்படத்தைப் பற்றி அதைப் பார்த்தவர் சொல்லும் அபிப்பிராயம், நடிப்பு நன்று, சங்கீதம் சுமார் என்ற அளவோடு நின்றுவிடுவதில்லை. இறந்தவர் ஒருவர் மெய்யாகவே வாழ்ந்திருந்தார். அவரைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் இன்னமும் இருக்கக்கூடும். செய்த குற்றத்துக்காகவோ செய்யாத குற்றத்துக்காகவோ எவரேனும் ஒருவர் சிறையில் நாட்களைக் கழித்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆகையால் அரங்கத்தை விட்டு வெளியே வரும் ரசிகர், "இவன்தான் செய்திருப்பான், சந்தேகமே இல்லை" என்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லும்போது, அவர் அறியாமலே அந்த வார்த்தை ஒரு தீர்ப்பின் தன்மையை அடைந்துவிடுகிறது. நீதிபதிக்குச் சட்டம் விதித்திருக்கும் நிதானத்தில் ஒரு பங்கேனும் இத்தகைய படங்களைப் பார்க்கும் ரசிகருக்கும் வேண்டும் என்பது என் திடமான நம்பிக்கை. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்னும் படம்.

தென்கொரியத் தலைநகரான சியோலுக்குத் தெற்கே, கியோங்கி மாகாணத்தில், நெல்வயல்களும் சிறு தொழிற்சாலைகளும் அடுத்தடுத்துக் கிடந்த ஹ்வாசோங் என்ற கிராமப் பிரதேசத்தில், 1986 செப்டம்பர் தொடங்கி 1991 ஏப்ரல் வரையில் பத்துப் பெண்கள் கொலையுண்டார்கள். 13 வயதுச் சிறுமியும் அவர்களில் உண்டு; 71 வயது மூதாட்டியும் உண்டு. சந்தேகத்தின் பேரில் போலீஸார் விசாரித்தவர்களின் தொகை சுமார் 21,000. அந்த விசாரணைக்குச் செலவான உழைப்பு 20 லட்சம் ஆள்நாட்களுக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை செய்தும் பலன் ஒன்றும் கிட்டவில்லை. அக்காலத்துக் கொரியாவோ ராணுவ ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் இருந்தது. 1987 ஜனவரியில் போலீஸ் விசாரணையில் சிக்கிய பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தண்ணீர்ச் சித்திரவதையில் மாண்டுபோனதும், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தேசம் முழுவதும் ஜனநாயகம் கோரிக் கொந்தளித்து எழுந்ததும், போலீஸ் படையின் பலமெல்லாம் அந்தக் கிளர்ச்சியை அடக்குவதிலே செலவானதும் இந்தக் கொலைகளின் காலத்திலேதான் நிகழ்ந்தன. படத்திலும், இன்று இரவு கொலை நடக்கக்கூடும் என்று அஞ்சித் துப்பறிவாளர்கள் கூடுதல் போலீஸார் வேண்டுமென்று கேட்கையில், எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்ற பதிலே வருகிறது.

இவ்வழக்கை வைத்துக் கிம் குவாங்-ரிம் எழுதிய நாடகம் ஒன்று 1996-இல் மேடையேறியது. அதைத் தழுவிப் போங் எடுத்த படத்தைக் கொரியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளில் பார்த்தார்கள். 2020-இல் அவருடைய 'பாரசைட்' படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த பிறகு, அவருடைய பழைய படங்களை நம்மவர்களும் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்களோடு பேசும்போதெல்லாம் இரண்டு அபிப்பிராயங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. "எல்லாம் சரி, கொலைகாரன் யார் என்று கடைசிவரை காட்டாமலே விட்டுவிட்டார்களே!" என்று குறைப்படுவது ஒன்று. "காட்டாவிட்டால் என்ன, அந்தத் தொழிற்சாலைக் குமாஸ்தாதான், வேறு யார்?" என்று அடித்துச் சொல்வது மற்றொன்று. முதலாவது குறை அந்தப் படத்தின் நேர்மையை உணராததனால் எழுவது. இரண்டாவது, அந்தப் படம் எந்த நோயைக் காட்டியதோ அந்த நோயே ரசிகரையும் பற்றியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

நோய் என்று நான் சொல்வது, ஒரு முகம் கிடைத்தாலன்றி அமைதி கொள்ள மறுக்கும் மனத்தின் அவசரத்தை. படத்தில் கிராமத்துத் துப்பறிவாளராக வரும் பார்க் டூ-மான், தம் கண்களுக்கு ஒரு தனிச் சக்தி இருப்பதாகவும், ஒருவன் முகத்தை உற்றுப் பார்த்த மாத்திரத்தில் அவன் குற்றவாளியா அல்லவா என்று சொல்லிவிட முடியும் என்றும் உளமார நம்புகிறவர். சோங் காங்-ஹோ என்னும் மகா நடிகர் அந்தப் பாத்திரத்தில் வருவதனால், அந்த மனிதர்மீது நமக்குக் கோபம் உண்டாவதற்கு முன்னே பிரியம் உண்டாகிவிடுகிறது. மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞன், செத்துப்போன பெண்ணின் பின்னால் சுற்றியவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிபடுகிறான். அவனை நிலவறையில் உதைப்பதும், அவனுடைய காலணியைக் கொண்டு சம்பவ இடத்தில் போலியாகத் தடம் பதிப்பதும், அடித்த கையோடு 'நைக்கி' போலத் தோன்றும் 'நைஸ்' என்ற போலிக் காலணி ஜோடி ஒன்றை அவனுக்குப் பரிசளிப்பதும் அடுத்தடுத்து நடக்கின்றன.

அந்த நிலவறைக் காட்சி ஒன்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அடித்தவர்களும் அடிபட்டவனும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே, தொலைக்காட்சியில் அந்நாளில் கொரியர்கள் மிகவும் விரும்பிப் பார்த்த துப்பறியும் தொடரைப் பார்க்கிறார்கள். அதன் தொடக்க இசைக்கு எல்லாரும் உற்சாகமாகத் தாளம் சேர்க்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும் அந்தத் தொடரின் ரசிகர்களே இந்தப் போலீஸார். அங்கே நடப்பதை இங்கேயும் நடத்திக் காட்டிவிட வேண்டுமென்ற ஆவேசத்திலே அவர்களுடைய முஷ்டி இறுகுகிறது. குற்றவாளியைக் காட்டு என்று திரையை நோக்கிக் கேட்கும் ரசிகருக்கும், ஒப்புக்கொள் என்று எதிரே இருப்பவனைக் கேட்கும் போலீஸ்காரருக்கும் இருக்கும் உறவை இதைவிட நயமாக ஒரு கலைஞன் காட்டிவிட முடியாது. அந்த இளைஞனோ, உண்மையில் கொலைக்கு நேர்ச் சாட்சி! அடிக்குப் பயந்து அவன் உளறியது குற்ற ஒப்புதல் அன்று, கண்ணால் கண்டதன் வர்ணனை என்பது அவர்களுக்கு வெகு காலம் கழித்தே விளங்குகிறது. விளங்கி அவனைத் தேடிப் போகும்போது, பழைய அடியின் பயத்தினாலே அவன் ஓடி, ரயிலில் அடிபட்டு மாண்டுபோகிறான். உண்மையை வரவழைப்பதற்காகக் கையாண்ட பலாத்காரமே உண்மையின் வாயை என்றென்றைக்குமாக அடைத்துவிட்டது.

பார்க் டூ-மானுக்கு நேர்மாறாகச் சியோலிலிருந்து வரும் துப்பறிவாளர் சோ டே-யூன், ஆவணங்கள் ஒருபோதும் பொய் சொல்வதில்லை என்ற கொள்கையுடையவர்; முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை வெறுப்பவர். படித்த ரசிகர்கள் உடனே இவர் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் மழை பெய்யும் இரவுகளில் வானொலியில் குறிப்பிட்ட ஒரு பாட்டை நேயர் விருப்பமாகக் கேட்டவன் என்பதும், தப்பிப் பிழைத்த பெண் ஒருத்தி சொன்னபடி மென்மையான கைகளை உடையவன் என்பதும் சேர்ந்து ஓர் இளம் குமாஸ்தாவைச் சுட்டிக்காட்டியதும், அந்தப் பகுத்தறிவாளரின் நிதானம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிறது. மரபணுச் சோதனைக்கு வசதி இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு, ரயில் சுரங்கப்பாதையின் வாயிலில் கொட்டும் மழையில் அவர் கைக்கு வந்து சேர்கிறது. இவன்தான் என்று நிரூபணம் ஆகவில்லை என்கிறது அது. ஆவணம் பொய் சொல்லாது என்றவர் அந்தத் தாளை நம்ப மறுத்துக் கைத்துப்பாக்கியை நீட்டுகிறார். அந்தக் கணத்தில் நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்: சுட்டுவிடட்டும் என்று மனம் விரும்பாத ரசிகர் எத்தனை பேர்? இரண்டு மணி நேரமாக எல்லாவற்றையும் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்த நாமே, நிரூபணம் இல்லை என்று எழுதிய தாளை அவரோடு சேர்ந்து கிழித்துப் போடுகிறோம்.

அவ்வாறு கிழித்தது எவ்வளவு பெரிய அபாயம் என்பதைப் படம் வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கழித்துச் சரித்திரமே வெளிப்படுத்தியது. பாதுகாத்து வைத்திருந்த பழைய தடயப் பொருள்களை 2019-இல் புதிய மரபணு முறைப்படி ஆராய்ந்தபோது, லீ சுன்-ஜே என்பவனுடைய மரபணுவோடு அவை பொருந்தின. தன் மனைவியின் தங்கையை 1994-இல் கொன்ற குற்றத்துக்காக, அவன் புசான் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான். முதலில் மறுத்தவன், பின்பு ஹ்வாசோங் கொலைகள் பத்தையும் சேர்த்துப் பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். அவன் போலீஸார் கண்ணில் படாதவனும் அல்லன். அந்தக் காலத்திலேயே அவனை விசாரித்திருந்தார்கள். கொலையாளியின் ரத்தம் 'பி' வகை என்று அவர்கள் கொண்டிருந்த முடிவுக்கு அவனுடைய 'ஓ' வகை ரத்தம் ஒத்துவராமையால் விட்டுவிட்டார்கள். முகத்தைப் பார்த்து அறியும் சக்தி அங்கே ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அரங்கத்தில் உட்கார்ந்து அடித்துச் சொன்னவர்களுக்கும் அது வாய்க்கவில்லை.

இதனினும் கொடியது எட்டாவது கொலையின் கதை. 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட அந்த வழக்கு, மற்றக் கொலைகளைப் பார்த்து வேறொருவன் செய்தது என்று கருதப்பட்டு, பத்தில் துப்புத் துலங்கிய ஒரே வழக்கு என்ற பெயரோடு மூடப்பட்டிருந்தது. குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவர், விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்துவந்த 22 வயது ஏழை இளைஞர். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தினால் கால் ஊனமுற்றவர். உறங்கவிடாமல் வதைத்து ஒப்புதலில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர் கதறியதை ஒருவரும் செவிமடுக்கவில்லை. இருபது ஆண்டுகளைச் சிறையில் இழந்து 2009-இல் அவர் வெளியே வந்தார். உண்மையான கொலையாளி ஒப்புக்கொண்ட பிறகு மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பர் 17 அன்று சுவோன் நீதிமன்றம் அவர் நிரபராதி என்று தீர்ப்பளித்தது; தீர்ப்பை வாசித்த நீதிபதி, நீதித்துறை தன் கடமையில் தவறியதற்காக அவரிடம் மன்னிப்புக் கோரினார். 2003-இல் ஜனங்கள் திரள் திரளாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்துக் குற்றவாளி யார் என்று தர்க்கம் செய்துகொண்டிருந்த இரவுகளில், குற்றமற்ற இந்த மனிதர் சிறையில் பதினான்காவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது உடல் நடுங்குகிறது. இந்தக் கொலைகளுக்காகச் சந்தேகிக்கப்பட்டு, அதனால் நேர்ந்த அவமானமும் வாதையும் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. குற்றவாளியைக் காட்டியே தீரவேண்டும் என்ற வெறிக்கு ஒவ்வொரு முறையும் பலியாகிறவர், எதிர்த்து வாதாட வழியற்ற ஏழையாகவும் ஊனமுற்றவராகவும் அறிவு முதிராதவராகவும் இருக்கிறார். படம் கற்பனையாகக் காட்டிய அந்த இளைஞனும் மெய்யாகச் சிறை சென்ற இந்த மனிதரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

இத்தகைய படங்களை எடுக்கவே கூடாது, இறந்தவர்களின் துயரத்தைக் காட்சிப் பொருளாக்குவது பாவம் என்று சொல்லும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கருத்து அலட்சியம் செய்யத்தக்கதன்று. மகளைப் பறிகொடுத்த தாய், அந்த மரணத்தைத் திரையில் மறுபடி நடத்திக் காட்டுவதைச் சகிக்க வேண்டும் என்று சொல்ல எந்தக் கலைஞனுக்கும் உரிமை கிடையாது. போங்கின் படத்திலும் கொலையுண்ட பெண்களிற் பலர், எவருடைய மகள், எவ்விதம் வாழ்ந்தவள் என்று நாம் அறிந்துகொள்ளுமுன்னே வயலிலும் கால்வாயிலும் சடலமாகவே அறிமுகமாகிறார்கள் என்ற குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஓர் இடத்தில் அந்தப் படம் தன் கடமையை முழுமையாகச் செய்துவிடுகிறது. சியோல் துப்பறிவாளர் ஒரு பள்ளிச் சிறுமியின் சிறு காயத்துக்குத் தம் கையாலேயே பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார். வெகு நாட்கள் செல்லுமுன்பே, மழையில் நனைந்து கிடக்கும் ஒரு சடலத்தின்மேல் அந்தப் பிளாஸ்திரியைக் காண்கிறார். வழக்கின் எண்ணாக இருந்த மரணம் அந்தக் கணத்தில் ஒரு குழந்தையின் மரணமாக மாறிவிடுகிறது. உண்மைக் கொலையைப் படமாக்குகிறவர்கள் இறந்தவரை இந்த விதமாக நமக்கு உறவாக்கிவிட வேண்டும். அதைச் செய்ய இயலாதவர்கள் அந்த விஷயத்தைத் தொடாமல் இருப்பதே தர்மம்.

படம் செய்யாத ஒன்றைச் செய்ததாகப் புகழ்வதும் ரசிகர்களிடம் காணும் மற்றொரு மிகை. இந்தப் படம்தான் கொலையாளியைப் பிடித்துக் கொடுத்தது என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அவனைக் காட்டிக்கொடுத்தது, எவரோ ஒழுங்காகப் பாதுகாத்து வைத்த தடயப் பொருளும், வளர்ந்துவந்த விஞ்ஞானமுமே. அப்படிக் கண்டுபிடித்தும் அந்தப் பத்துக் கொலைகளுக்காக அவன்மேல் வழக்குத் தொடுக்க வழியில்லாமல் போயிற்று. அந்நாளையச் சட்டப்படி கொலை வழக்குக்கு இருந்த 15 ஆண்டுக் காலவரையறை 2006-லேயே முடிந்துபோயிருந்தது. கொரியச் சட்டம் அந்த வரையறையை 2007-இல் 25 ஆண்டாக உயர்த்தி, 2015-இல் கொலைக் குற்றத்துக்கு அதை அடியோடு நீக்கிய காலத்துக்குள் ஹ்வாசோங் வழக்குகள் கைநழுவிவிட்டன. இவ்வளவு காலமும் இந்தக் கொலைகளோடு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டிருந்ததில் மனம் புண்பட்டிருந்த ஹ்வாசோங் ஜனங்களின் வேண்டுகோளையும் ஏற்று, வழக்குக்குக் கொலையாளியின் பெயரையே 2019 டிசம்பரில் போலீஸார் சூட்டினார்கள். ஒரு படத்தைப் பற்றிப் பேசும் வேகத்தில், அந்த ஊரில் வயலுக்கும் பள்ளிக்கும் போய்வரும் லட்சக்கணக்கான மனிதர்களைக் கொலைநிலத்தின் குடிகளாக்கிவிடுவது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

நம்முடைய அரங்குகளில் நடப்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருப்பது முறையாகாது. விசாரணை அறையில் கைதியை அடிக்கும் காட்சிக்கும், விசாரணையே இல்லாமல் சுட்டுத்தள்ளும் காட்சிக்கும் இங்கே கைதட்டலும் விசிலும் எழுகின்றன. அப்படிப்பட்ட அதிகாரிதான் நமக்கு வேண்டும் என்று படித்தவர்களும் வெளியே வந்து பேசுகிறார்கள். அடிபடுகிறவன் குற்றவாளி என்று கதாசிரியர் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதனால் அந்தக் கைதட்டல் நியாயமாகத் தோன்றுகிறது. வாழ்க்கையிலோ அப்படி முன்கூட்டிச் சொல்லிவைக்கக் கதாசிரியர் இல்லை. அடிபட்டவன் குற்றவாளிதானா என்று தெரிந்துகொள்ளக் கொரியாவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆகவே உண்மை வழக்கைத் தழுவிய எந்தப் படத்தைப் பார்த்தாலும், அபிப்பிராயம் சொல்லுமுன் சிலவற்றை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. இறந்தவரை இந்தப் படம் மனிதராக மதித்ததா? சாட்சியங்கள் சொன்னதற்கு மேலே தனக்குத் தெரிந்ததாகப் பாவனை செய்ததா? தீர்ப்பாகாத ஒருவரை நம் கண்ணில் குற்றவாளியாக்கிவிட்டதா? பலாத்காரத்தைக் கண்டு நாம் மகிழும்படி செய்ததா, வெட்கும்படி செய்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியபின் சொல்லும் அபிப்பிராயம், பாராட்டாயினும் கண்டனமாயினும், படத்தை எடுத்தவருக்கும் பயன்படும், பார்க்கப்போகிறவருக்கும் வழிகாட்டும்.

படத்தின் இறுதியில், போலீஸ் வேலையை விட்டு வியாபாரப் பிரதிநிதியாகிவிட்ட பார்க் டூ-மான், முதல் சடலம் கிடந்த கால்வாயைப் பல்லாண்டு கழித்து மறுபடி பார்க்க வருகிறார். சில நாட்களுக்கு முன் வேறொருவரும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார் என்று ஒரு சிறுமி சொல்ல, அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். சாதாரணமான முகம் என்பதே அவளுடைய பதில். பார்க் திரும்பி நேரே நம்மைப் பார்க்கிறார். கொலையாளி எங்கேனும் ஓர் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்க்கக்கூடும், அவன் கண்ணைச் சந்திக்க வேண்டும் என்பது இயக்குநரின் உத்தேசமாக இருந்தது. அவன் சிறையிலேயே அந்தப் படத்தைப் பார்த்ததும், வெறும் படமாகவே பார்த்ததாகவும் எந்த உணர்ச்சியும் எழவில்லை என்றும் சாட்சிக் கூண்டில் சொன்னதும் பிற்பாடு தெரியவந்தன. கல்லாகிப்போன நெஞ்சை அசைக்கக் கலையினால் முடியாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் பார்வையினால் அசையக்கூடியவர்கள் ரசிகர்களாகிய நாமே. கொலை செய்யாத நம்மிடமும், நிரூபணத்துக்குக் காத்திராமல் ஒருவனைத் தண்டித்துவிடும் சுபாவம் இருக்கிறது. அந்தச் சுபாவத்தை அடக்கி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை அடைந்த ரசிகர் கூட்டம் பெருகினால், ஒப்புதல் வாக்குமூலத்துக்காக ஓர் ஏழையை உறங்கவிடாமல் வதைக்கும் அதிகாரிக்கு ஜனங்களின் ஆதரவு இல்லாமல் போகும்; நிரபராதி ஒருவர் தம் இருபது ஆண்டுகளை இழக்கும் கொடுமைக்கு இடமும் அந்த அளவுக்குக் குறையும்.